வாள் என்றாய்

“வாள் என்றாய்” என்று பாடகி மறுபடியும் பாடியபோது பாடலாசிரியைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எழுதியிருந்தது “வாழ் என்றாய்”. ஒலிப்பதிவு வரை வந்த அவளுடைய முதல் பாட்டு. பாட்டில் காதலன் வாழச் சொல்கிறான். பாடகியின் வாயில் விழுந்ததும் கத்தியை நீட்டுகிறான்.

“ஸ்டைலாம்,” என்று பல்லைக் கடித்தாள். “வீட்ல அம்மாகிட்ட நல்லாத்தான் பேசுவாளுங்க. மைக்கைப் பாத்ததும் வெளிநாட்டுல பொறந்த மாதிரி வாய் கோணிக்கும்.”

இசையமைப்பாளன் அவள் தம்பிதான். ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, “விடுக்கா. மத்ததெல்லாம் சுத்தமாத்தானே பாடுது,” என்றான்.

“இது காலைல மாத்தின வரிடா. எழுத்து எழுத்தா நானே போன்ல சொல்லிக்கொடுத்தேன். அதைப் போய்க் கெடுத்து வச்சிருக்கா.”

“அதான் சொல்றேன். நீ சொல்லிக்கொடுக்காம இருந்தா...”

“இருந்தா?”

“ஒண்ணுமில்லக்கா.”

அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பாடும் அறைக்குள் போனாள்.

“என் வாயைப் பாரும்மா. நாக்கு நல்லா மடங்கணும். வாழ். அப்படியே இதையும் கேட்டுக்க. விழி. விழுந்தாய்.”

பாடகி அவள் உதட்டையே பார்த்துப் பயபக்தியோடு தலையாட்டினாள். பிறகு பாடினாள்.

“விளியில் விளுந்தாய், வாள் என்றாய்.”

அதுவரை ஒழுங்காக இருந்த இரண்டு சொற்களும் போயின. பாடலாசிரியை திரும்ப உள்ளே போய் மழையையும் தோழியையும் சொல்லிக்கொடுத்தாள். மழை மளையானது. தோழி தோளியானாள். யாரும் சொல்லிக்கொடுக்காத நிழல் மட்டும் தப்பித்தது.

“வேணும்னே பண்றா. என்னையே கேலி பண்றாடா. அனுப்பிட்டு வேற ஆளைக் கூப்பிடு.”

“பாவம்க்கா. நீ சொல்ற மாதிரியே பாடணும்னு உயிரை விடுது.”

“நான் இப்படியா சொன்னேன்?”

தம்பி ஹெட்ஃபோனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டான்.

“ஒண்ணு அவ போகணும், இல்ல என் பாட்டு போகணும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பாடலாசிரியைக்குக் கோபம் இன்னும் ஏறியது. அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்பினாள்.

“பாட்டு வேணாம். அந்தச் சொல்லை மட்டும் தனியா போடுங்க. இவன் காதுல நல்லா விழட்டும்.”

அவர் தேடி எடுத்துப் பொத்தானைத் தட்டினார். ஒலிபெருக்கியில் ஒரே ஒரு சொல் வந்தது.

“வாள்.”

“கேட்டியாடா? எவ்வளவு திமிர் பாரு அந்தக் குரல்ல. இந்த நாக்கை வச்சுக்கிட்டுப் பாட்டுப் பக்கம் வரலாமா ஒருத்தி?”

ஒலிப்பதிவாளர் திரையை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

“இது அவங்க இல்லீங்க மேடம். நீங்க உள்ள போய்ச் சொல்லிக்கொடுத்தப்ப மைக் ஓடிக்கிட்டிருந்துச்சு.”