துத்தநாகக் கட்டிக்கு விழுந்த மாலை

திருப்பூரில் கடல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் கப்பல் அண்ணாச்சிதான். தூத்துக்குடியில் படகுகளுக்கு அடிப்பாகம் பழுது பார்த்தவர். எங்கள் சாயப்பட்டறைக்கு ஃபிட்டராக வந்த அன்றே நேராக உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். சாயம் துணியில் பிடிப்பதற்காக உப்பு கரைத்து வைக்கும் இரும்புத் தொட்டி அது. விரலை விட்டு நக்கிப் பார்த்து, "நம்ம கடலுதாம்லே!" என்றார். அன்று முதல் தினமும் தொட்டியை எட்டிப் பார்த்து, "அலை எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிப்பார்.

அந்தத் தொட்டி துருப்பிடித்து, வெளிர்நிறத் துணியிலெல்லாம் பழுப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்த நான்தான் அதை முதலாளியிடம் சொல்ல வேண்டும். எனக்கோ அவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். துணியை நீட்டிவிட்டுத் தரையைப் பார்ப்பேன்.

அண்ணாச்சி தொட்டியின் உள்சுவரில் செங்கல் போன்ற துத்தநாகக் கட்டிகளை போல்ட் போட்டு முடுக்கினார். புள்ளி நின்றது. ஆனால் கட்டிகள் இளைத்துக்கொண்டே வந்தன.

"ஏனுங்க அண்ணாச்சி, கட்டி கரையுதுங்களே! கடைக்காரன் ஏமாத்திப் போட்டானுங்களா?" என்றார் முதலாளி.

"கரையட்டும் மொதலாளி! துரு இரும்பைத் திங்க வரும்போது, 'மொதல்ல என்னைத் தின்னுலே'ன்னு இவன் முன்னால போய் நிக்கான். இவன் இளைச்சாத்தான் தொட்டி பொழைக்கும்."

"இளைக்காம குண்டாவே இருந்தா?"

"நீங்க இளைச்சிருவிய."

அடுத்து, குழந்தைச் சட்டைக்கான இளஞ்சிவப்புத் துணி ஆர்டர் வந்தது. "ஒரு புள்ளி விழுந்தா மூட்டையைக் கட்டுதேன்" என்று அண்ணாச்சி எல்லோர் முன்னிலையிலும் சபதம் செய்தார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் பூஜைக்கு முன்பு அசையாமல் நிற்கும் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிடுவோம். தூங்கும் வாட்ச்மேனுக்கே ஆபத்து. தொட்டியும் வடித்துக் கழுவப்பட்டது.

பூஜைக்குப் பிறகு ஓடிய இளஞ்சிவப்புத் துணியில் பழுப்புப் புள்ளிகள். நீட்டினேன். முதலாளி முகம் சுருங்கியது. "நீங்க சொன்ன வார்த்தைதானுங்க அண்ணாச்சி..." என்றார்.

அண்ணாச்சி தொட்டியை வடிக்கச் சொல்லி உள்ளே இறங்கினார். உடனே ஒரு கர்ஜனை.

"எவம்லே என் பிள்ளைகளுக்குப் பவுடர் பூசுனது?"

கட்டிகள் மீது பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். அதன் மேல் சந்தனப் பொட்டு வேறு. சட்டை போட்டு மூடியவனைத் துரு எப்படித் தின்னும்? அது இரும்பைத் தேடிப் போய்விட்டது.

ஆளுக்கொரு உப்புத்தாளோடு இறங்கினோம். முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்தார்.

"இன்னுந் தேய்க்கோணுங்களா?"

"தோலு உரியணும் மொதலாளி. அவன் தோலு!"

துருவையும் சுரண்டி, தேய்ந்துபோன ஒரு கட்டியை மாற்றி, தொட்டியை நிரப்பி, மறுபடி துணி ஓட்டினோம். விளக்கடியில் நான் துணியை விரித்தபோது மொத்தப் பட்டறையும் சுற்றி நின்றது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தேன்.

"சுத்தமுங்க!" என்று கத்தினேன். கத்தியது நான்தானா என்று முதலாளி திரும்பிப் பார்த்தார்.

விசில் பறந்தது. முதலாளி மாலை வாங்கிவரச் சொல்லி அண்ணாச்சி கழுத்தில் போட்டார். அவரோ அதைக் கழற்றி, தேய்ந்துபோன கட்டிக்குச் சூட்டினார். "வேலை பாத்தது இவம்லா!"

அண்ணாச்சி இப்போது தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் டப்பா வந்தால் தொட்டியை மறித்துக்கொண்டு நிற்பது நான்தான். தினமும் காலையில், பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, தொட்டியை எட்டிப் பார்த்து, "அலை எப்படீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கிறேன்.