நாமினி என்ன முறை?

"கட்டத்தைக் காலியா விட்டா கம்பெனி ஃபாரத்தைத் திருப்பி அனுப்பிருமுங்க," என்றார் அப்துல் கையூம். "பாலாமணி உங்களுக்கு என்ன முறை வேணும்? அதை எழுதுங்க."

நல்லசாமி பேனாவைப் பிடித்தபடி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெயர், வயது, விலாசம் எல்லாம் மளமளவென்று எழுதியாகிவிட்டது. நாமினியின் பெயரைக்கூடத் தயங்காமல் எழுதிவிட்டான். 'நாமினியின் உறவுமுறை' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், இலை வாட்டும் மாடிக்கு நல்லசாமிதான் மேஸ்திரி. வயது முப்பத்தெட்டு. கொழுந்தை ஒரு கை அள்ளிப் பார்த்தால் போதும், எத்தனை மணிக்கு இறக்கலாம் என்று சொல்லிவிடுவான். மனுஷர்கள் விஷயத்தில் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் பிள்ளைக்காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். பாலாமணி அங்கே ஆயா. ஆறு வருஷமாக அவளிடம் தினமும் பேசுகிறான். பேசியதையெல்லாம் திரட்டினால் "இன்னைக்கும் மழைதான் போல" என்ற ஒரு வாக்கியம் தேறும். "நேத்தைக்கு இது தேவலை, மேஸ்திரி" என்பாள் அவள். அதை வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டிவிடுவான்.

போன மாதம் ஃபேக்டரியில் மெஷின் பெல்ட் ஒன்று அறுந்து, அவன் காதோரமாகப் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. சாமி காப்பாற்றியது என்றார்கள். அவனுக்கு வேறு யோசனை. அது தலையில் பட்டிருந்தால் யாருக்கு நஷ்டம்? அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்த முகம் அழுதாலும் அழாவிட்டாலும், அதற்கு ஏதாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பந்தலூர் பஜாரிலிருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டு கையூமுக்கு அன்றைக்கே சொல்லி அனுப்பினான்.

கையூம் பொறுமைசாலி. கம்பளிச் சட்டையோடு மழையில் நடந்து வந்து, எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார்.

"பணம் தர்றேன்னு கையெழுத்துப் போடறது கம்பெனி. இந்தப் பக்கம் பாலிசி எடுத்துப் பிரீமியம் கட்டறவரு ஒருத்தரு. யாரு உசுரு மேல பாலிசியோ, அவரு ஒருத்தரு. அந்த உசுரு போனா பணத்தை வாங்கிக்கறவங்க நாமினி. சுருக்கமாச் சொன்னா கட்டறவரு, சாகறவரு, வாங்கறவரு. மொத ரெண்டும் நீங்கதானுங்க."

"ரெண்டு வேலையும் நானேவா?"

"ஆமாங்க. மூணாவதை மட்டும் நீங்க பாக்க முடியாது. அதுக்குத்தான் நாமினி."

நல்லசாமி அதைப் புரிந்துகொண்டான். உறவுமுறைதான் உதைத்தது.

"ஒரே கப்பல்ல வந்தவங்கன்னு எழுதலாமுங்களா?" என்று கேட்டான்.

தோட்டத்தில் அது சின்ன உறவு இல்லை. இலங்கையிலிருந்து மூட்டை முடிச்சோடு ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்கள்தான் அங்கே பாதிப் பேர். ஒரே கப்பலில் வந்த குடும்பங்கள் நல்லது கெட்டது எதிலும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"கம்பெனிக்குக் கப்பல் உறவெல்லாம் தெரியாதுங்க. அம்மா, அப்பா, சம்சாரம், தங்கச்சி, இப்படி ஏதாச்சும் ஒண்ணு வேணும்."

சம்சாரம் என்ற சொல்லுக்கே நல்லசாமிக்குக் காது சிவந்துவிட்டது. "ஐயையோ! அந்தப் புள்ளையக் கேக்காம அதெப்படிங்க எழுதறது?"

"கேட்டுட்டு எழுதுங்க. நான் அடுத்த வாரம் வாரேன்."

கேட்பதாவது! பெல்ட் இன்னொரு தடவை பறந்து வந்தாலும் தேவலை என்றிருந்தது அவனுக்கு. கல்யாணமாகாத பெண்ணின் பெயரைக் கல்யாணமாகாத ஒருத்தன் ஃபாரத்தில் எழுதினால் ஊர் சும்மா இருக்குமா? அவள் பெயருக்குப் பழுது வராத உறவு எது என்று யோசித்தான். கண்ணை மூடிக்கொண்டு 'தங்கை' என்று எழுதிவிட்டான்.

அடுத்த வாரம் வந்த கையூம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சொல்லை மறுபடி பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?"

"இப்படி எழுதுனா யாரும் தப்பாப் பேச மாட்டாங்கல்லங்க."

யாரும் தப்பாகப் பேசவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

தோட்டத்தில் விடிந்ததும் எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். அங்கே பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். வந்த தபாலையும் அங்கேதான் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஆபீஸ் கிளார்க்கே கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்துவிடுவார். அந்தப் பழக்கம் இலங்கையிலிருந்து கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது. இப்போது முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் கிளார்க் ஒச்சப்பன் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாயில்லை. அவருக்கு அதில் ஒரு ருசி.

ஒரு நாள் காலையில் கம்பெனியின் நீள உறை அவர் கையில் இருந்தது. நல்லசாமி பாய்ந்து பிடுங்குவதற்குள் பிரித்துவிட்டார்.

"பாலிசி எடுத்தவர், நம்ம மாடி மேஸ்திரி நல்லசாமி. நாமினி, அதாவது மேஸ்திரி காலமாயிட்டா பணம் வாங்க வேண்டியவங்க..."

"விடிஞ்சதும் விடியாததுமா மனுசனைச் சாகடிக்கிறியே!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"...பாலாமணி. உறவுமுறை, தங்கை!"

களத்தில் கைதட்டல் கிளம்பியது. பாலாமணியின் அம்மா மூக்கம்மா மாராப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, நல்லசாமியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "ஆம்பளைப் புள்ளை இல்லையேன்னு அழுதேனே, என் ராசா! கூடப் பொறந்தவனுக்கு மேல நெனைச்சிருக்கியே!"

இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த பாலாமணி நல்லசாமியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த மூக்கு. அழுத்தமாகத் துடைத்ததில் குழந்தை வீறிட்டது.

மறுநாள் அவன் வழக்கம்போல், "இன்னைக்கும் மழைதான் போல," என்றான்.

"ஆமாங்க, அண்ணே," என்றாள் பாலாமணி.

அதற்கு முன்பு அவன் அவளுக்கு மேஸ்திரி. மேஸ்திரி என்றால் எந்த முறைக்கும் இடம் உண்டு. இனி எதற்கும் இடம் இல்லை. நல்லசாமி மாடிக்குப் போய், நன்றாக வாடிய இலையைப் பச்சை என்றான், பச்சை இலையை இறக்கச் சொன்னான். அன்றைய தேயிலையைக் குடித்துப் பார்த்த டீமேக்கர் அவனுக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மூக்கம்மா ஒரு தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு அவன் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்தாள்.

"ராசா, தங்கச்சிக்கு முப்பத்திரண்டு ஆயிருச்சு. இத்தலார்ல ஒரு பையன் இருக்கான், வேலுமணின்னு பேரு. கேரட்டு போடறாங்க. நல்ல தங்கமான புள்ளையாம். அடுத்த மாசம் பொண்ணு பாக்க வாராங்க. அண்ணன்காரன் நீ இருக்கறப்ப நான் எதுக்குப் பேசணும்? நீயே பேசி முடிச்சுரு."

"நானுங்களா?"

"பின்ன? தட்டு மாத்தறப்ப எதுத்தாப்புல நிக்கிறது அண்ணன்தானே!"

நல்லசாமி பாயசத்தை அப்படியே மூடி வைத்தான். அன்று சாயங்காலமே பந்தலூர் பஜாருக்கு ஓடினான். கையூம் வீட்டு முன்னறையில் அவர் மனைவி ஜுலைகா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்காம்பராக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது அவள்தான்.

"நாமினியை மாத்த முடியுமுங்களா?"

"எப்ப வேணும்னாலும் மாத்தலாமுங்க. பாலிசி உங்களுது, இஷ்டம் உங்களுது," என்றார் கையூம்.

"பேரை வச்சுக்கிட்டு உறவை மட்டும் அடிக்க முடியுமுங்களா?"

"அடிக்கலாம். அடிச்சுட்டு என்ன எழுதறது?"

நல்லசாமி கூரையைப் பார்த்தான். தையல் மெஷின் நின்றுவிட்டது.

"எழுதுங்களேன், அண்ணே," என்றாள் ஜுலைகா. "சின்னக் கட்டந்தானே அது?"

ஆறு வருஷம் பேசாதவனுக்குச் சின்னக் கட்டம் பெரிய கட்டம் எல்லாம் ஒன்றுதான். அவனுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. "பேரையே எடுத்துருங்க. பேரு போனா தங்கச்சியும் போயிரும்ல?"

ஜுலைகா தலையில் அடித்துக்கொண்டாள். மெஷின் முன்னைவிட வேகமாக ஓடியது.

பேர் போயிற்று. அதற்கான கடிதமும் வந்தது. பெரட்டுக்களத்துக்குத்தான் வரும் என்பதைப் பாவி மனுஷன் இந்தத் தடவையும் மறந்துவிட்டான்.

"தங்கள் விருப்பப்படி, நாமினி பாலாமணியின் பெயர் நீக்கப்பட்டது," என்று படித்து முடித்து, ஒச்சப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்யா, இப்படியும் ஒரு அண்ணனா?"

தோட்டமே திரும்பிக்கொண்டது. தங்கச்சிக்குக் கல்யாணம் என்று வந்ததும் அண்ணன் கழற்றிக்கொண்டான் என்று லயத்துக்கு லயம் பேச்சு. குழாயடியில் அவனைக் கண்டதும் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கேன்டீனில் அவன் தேத்தண்ணிக்கு மட்டும் சர்க்கரை தீர்ந்துபோயிற்று. மூக்கம்மா ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவளோ, "உனக்கு என்ன சங்கடமோ, ராசா. ஆனாலும் ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வாரப்ப வந்துரு, சபையில ஆம்பளை இல்லாமப் போயிரும்," என்று கெஞ்சினாள்.

பாலாமணி அவனைப் பிள்ளைக்காம்பரா வாசலில் நிறுத்தினாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்ததால், சண்டையைக்கூட மெதுவான குரலில்தான் போட வேண்டியிருந்தது.

"பேரை எழுதுனீங்க. என்னைக் கேக்கல. அடிச்சீங்க. அதையும் கேக்கல. நான் என்ன சிலேட்டாங்க?"

"இல்ல பாலாமணி, நான் வந்து..."

"எனக்கு உங்க பணம் வேணாம். கட்டறவரு நல்லா இருந்தாப் போதும்." அவள் கண் நிறைந்துவிட்டது. "ஞாயித்துக்கெழமை வந்து உங்க கையாலேயே என்னைப் புடிச்சுக் குடுத்துட்டுப் போங்க, அண்ணே."

அவன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பெல்ட் பறந்தபோதுகூட அவனுக்கு இப்படிப் பயம் வந்ததில்லை. அப்போது போக இருந்தது உயிர்தான். இப்போது போவது பாலாமணி.

ஞாயிற்றுக்கிழமை மூக்கம்மாவின் லயத்து அறையில் பாய் விரித்திருந்தது. இத்தலார் வேலுமணியும் அவன் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். வேலுமணி நிஜமாகவே தங்கமான பிள்ளை. ஒரு கூடை கேரட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். வந்தவன் முரடனாக இருந்தாலாவது நல்லசாமிக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

நல்லசாமி தனியாக வரவில்லை. ஃபாரத்துக்குச் சாட்சியாகக் கையூமைக் கூட்டிவந்திருந்தான். பொண்ணு பார்க்கிற வீட்டுக்கு ஆம்பளைகள் மட்டும் போவதா என்று ஜுலைகாவும் கிளம்பி வந்துவிட்டாள். வாசலை அடைத்துக்கொண்டு ஒச்சப்பன் நின்றார். படிப்பதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் அவர் வந்துவிடுவார்.

"பொண்ணுக்கு அண்ணனைச் சொல்லச் சொல்லுங்க," என்றாள் வேலுமணியின் அத்தை. "அவரு சம்மதம்னா நமக்கும் சம்மதம்."

நல்லசாமி எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"நான் அண்ணன் இல்லீங்க."

"பேரை அடிச்சதைச் சொல்றியா, ராசா? அது போவுது விடு," என்றாள் மூக்கம்மா.

"எழுதுனதே பொய்யிங்க. கையூம் பாய் சாட்சி. தங்கச்சின்னு எழுதுனா ஊரு இவங்களைத் தப்பாப் பேசாதுன்னு எழுதுனேன். பொண்ணு பாக்க வாராங்கன்னதும் பயந்துபோயி அடிச்சேன். ரெண்டுமே புத்தியில்லாமச் செஞ்சது."

"தங்கச்சி இல்லைன்னா, பின்ன உனக்கு அவ என்ன முறை?" என்று கேட்டாள் மூக்கம்மா.

அறையில் இருந்த எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். கையூம் முதல் நாளே கேட்ட கேள்விதான் அது. இப்போது ஃபாரம் இல்லை, பேனா இல்லை, ஒளிந்துகொள்ள மாடியும் இல்லை.

"கட்டிக்கிறியான்னு கேக்கணும்னு ஆறு வருசமா நெனைக்கிறேனுங்க. தைரியம் வரல. அவங்க வேணாம்னு சொன்னா நான் பேசாமத் தட்டு மாத்திக் குடுத்துட்டுப் போயிர்றேன். ஆனா அண்ணன்னு மட்டும் கூப்புட வேணாம்னு சொல்லுங்க. தாங்கல."

வேலுமணி கையிலிருந்த பஜ்ஜியை மெதுவாகத் தட்டில் வைத்தான். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "சும்மா இரு, அத்தை. பாவம் அந்த மனுசன்," என்றான்.

அடுப்படி வாசலில் பாலாமணி வந்து நின்றாள். முந்தானையை வாயில் பொத்தியிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நல்லசாமிக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் அவனால் முடியவில்லை.

மூக்கம்மாவுக்குத் தலை சுற்றியது. "ஏண்டி, நீ ஒரு வார்த்தை சொல்லேண்டி! இவன் பாட்டுக்கு எழுதுறான், அடிக்கிறான், இப்ப கட்டிக்கிறேங்கிறான். உன் மனசுல என்ன இருக்குன்னு நான் யாரைப் போயிக் கேப்பேன்?"

ஜுலைகா பாயைவிட்டு எழுந்தாள்.

"ஜுலைகா, வேணாம். அது தொழில் ரகசியம்," என்று கையூம் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏஜெண்டு நீங்கதானே, நானில்லையே!" என்று அவர் கையை உதறிவிட்டு, ஜுலைகா மூக்கம்மாவிடம் சொன்னாள்: "பெரட்டுல படிச்சுருவாங்கன்னு பயந்து, உங்க மக பாலிசிக் காயிதமெல்லாம் நாலு வருசமா எங்க ஊட்டு விலாசத்துக்குத்தான் வருது, அக்கா. அதுல நாமினி நல்லசாமி, உறவுமுறை புருசன்."