ஈயமணி அழிந்த படலம்

குருநகர்க் கரையில் மூச்சடங்கிக் கிடக்கும் படகு இயந்திரங்களுக்கெல்லாம் உயிரளிப்பவனும், ஒரு திருகாணியைக் கண்டால் அது ஏன் அங்கே இருக்கிறதென்று அறியாமல் அப்பால் நகராதவனும், யோசப்பினின் கணவனும், வீட்டு ரிமோட்டுகள் அனைத்தின் ஏகச் சக்கரவர்த்தியுமாகிய லெனாட் வாழ்க! ஞாயிறு பூசை முடிந்து, நண்டுக்கறி உண்டு, யன்னற்சீலைகளை இழுத்து மூடிய முன்னறையில் அவன் புரிந்த பெரும்போரைப் பாடப் புகுகிறோம். கேட்பவர் தத்தம் கைபேசிகளைக் கவிழ்த்து வைப்பாராக.

போருக்கு மூலம் ஒரு கார்ட்டூன் படம். கையால் வரைந்த காலத்து மாயாஜாலப் படம். ஊரை விழுங்கப் பறந்துவரும் கடல்நாகத்தை அதன் உச்சக் காட்சியில் ஒரு மீனவப் பெண் பாறைமேல் நின்று வலையிட்டுப் பிடிப்பாள். எந்த வலை? இங்கேதான் குலம் இரண்டாய்ப் பிளந்தது. கையால் சுழற்றி எறியும் வீச்சுவலை என்றான் லெனாட். வீச்சுவலையின் விளிம்பை நீரில் அமிழ்த்தும் ஈயமணிகள் மின்னியதைத் தன் கண்ணால் கண்டவன் அவன். கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் கரைவலை என்றார் யோசப்பினின் தமையன் அடைக்கலநாதன்; அந்தக் கயிற்றை இழுத்தே தோள் அகன்றவர் அவர். மின்னியவை மணிகளல்ல, படச்சுருளில் ஒட்டிய தூசு என்பது அவர் தீர்ப்பு.

இருவரும் கண்டதோ அடைக்கலநாதனின் பழைய டிவிடியில். பிரதிக்குப் பிரதியெடுத்து, புள்ளியும் கீறலும் மாரிமழையாய்ப் பொழிய, நாகம் எது மேகம் எது என்று நாகமே அறியாத அந்த டிவிடியை வைத்து மணியா தூசா என்று நிறுவ எவரால் இயலும்? ஞானஸ்நான வீடுகளிலும் பெருநாள் விருந்துகளிலும் வழக்கு மூண்டு மூண்டு அவிந்தது. தோற்றவன் குடும்பத்தின் முன் எழுந்து நின்று “நான் பிழை” என்று சொல்லவேண்டும் என்பது சபதம். அச்சொல் லெனாட்டின் நாவில் அதுவரை ஏறியதில்லை. ஏறுவதற்கு அவன் இடம் வைத்ததுமில்லை.

ஆகவே தூசு துடைத்த, கீறல் நீக்கிய, புத்தம்புதிய புளூ-றே பதிப்பை அவன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தான்.

“மச்சான், ஒவ்வொரு மணியாத் தொட்டுக் காட்டுறன், இருந்து பாருங்கோ! இந்த டிஸ்க்குக்கு முன்னாலை உங்கடை டிவிடி வெறும் குப்பை!” என்று, அந்த ஞாயிறு முன்னறையில் வந்தமர்ந்த அடைக்கலநாதனிடம் அறைகூவினான்.

திரை ஒளிர்ந்தது. ஆகா, என்ன தூய்மை! வானம் பீங்கானாயிற்று, கடல் கண்ணாடியாயிற்று, மீனவப் பெண்ணின் முகமோ மெழுகில் வார்த்ததுபோல் ஒரு கோடுமின்றி வழுவழுத்தது. நாகம் வந்தது. பாவை பாறையேறினாள். இடி முழங்க, முரசு அதிர, கூந்தல் பறக்கத் தோள்களைச் சுழற்றி வீசினாள், வெறுங்கையை வீசினாள். வலையைக் காணோம். ஏழுலகும் நடுங்க எழுந்த நாகம் தன்பாட்டில் மடங்கி, சுருண்டு, ஒன்றுமில்லாத ஒன்றில் சிக்கித் துடிதுடித்தது.

“உந்தப் பாம்புக்கு என்ன, வயித்துக்குத்தோ?” என்றாள் யோசப்பின்.

வீரன் ரிமோட்டை உருவினான். வெளிச்சம் என்னும் அஸ்திரத்தை ஏவினான். இரவு பகலானது, வலை வரவில்லை. கூர்மை என்னும் பேரஸ்திரத்தை எல்லைவரை ஏவினான். பாவையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது.

“வலையைக் கேட்டா அவளைப் புனிதையாக்கி வைச்சிருக்கிறியள்” என்றாள் இல்லாள்.

நடந்தது என்னவென்று லெனாட்டின் மனத்தில் இயந்திரப்பெட்டி திறந்ததுபோல் விளங்கியது. தூசு துடைக்கும் கணினிக்குக் கண்ணில்லை, கணக்கு மட்டுமே உண்டு. படச்சுருளில் அடுத்தடுத்து வரும் மூன்று படங்களை அது ஒப்பிடும். நடுப் படத்தில் மட்டும் தோன்றி, முன்னதிலும் பின்னதிலும் இல்லாத புள்ளி தூசு. நல்ல கணக்குத்தான். ஆனால் சுழன்று பறக்கும் ஈயமணியும் ஓரிடத்தில் ஒரு படத்துக்குமேல் நிற்பதில்லையே! ஆகவே மணிகளை அது துடைத்தது. அடுத்து, படச்சுருளின் இயல்பான மணல்போன்ற சொரசொரப்பை மட்டப்படுத்தியது. மணலளவே தடித்த வலைநூலும் அந்த மணலோடு போயிற்று.

இதை அவன் விளக்கி முடிக்குமுன், அடைக்கலநாதன் அலையெனக் கதிரையைவிட்டு எழுந்தார்.

“மெசினே சொல்லிப்போட்டுது! தூசெண்டுதானே துடைச்சிருக்கு? எழும்பி நிண்டு சொல்லும் மச்சான்!”

“மணி தூசெண்டா வலையும் தூசோ? உங்கடை கரைவலை எங்கை? கயித்தைக் காட்டுங்கோ பாப்பம்!”

“அப்ப மெசின் பிழையோ? நீர் தலையிலை வைச்சு ஆடின டிஸ்க் பழுதோ?”

அந்தோ! இருபுறமும் பாறை, நடுவே ஓடம். கணினி சரியென்றால் மணிகள் தூசு. அவன் எழுந்து நிற்கவேண்டும். கணினி பிழையென்றால் மணிகள் மீளும், ஆனால் பார்த்துப் பார்த்து வரவழைத்த பதிப்பு மண்ணாகும். மணிகளின் சாட்சியாக இவ்வுலகில் எஞ்சுவது எதிரியின் வீட்டு அலுமாரியில் கிடக்கும், சற்றுமுன் அவனே குப்பையென்று இகழ்ந்த, புள்ளிமழை பொழியும் அந்த டிவிடி ஒன்றே. மின்விசிறி சுழன்றது. நாகம் திரையில் உறைந்து நின்றது. தமையனையும் கணவனையும் மாறிமாறிப் பார்த்த யோசப்பினின் கையில் தேநீர் ஆறியது. திக்குகள் எட்டும் செவிசாய்க்க, மானத்தைத் துலாக்கோலின் ஒரு தட்டிலும் மணியை மறுதட்டிலும் இட்டு நெடிது நிறுத்த மாவீரன் வாய் திறந்தான்.

“மச்சான், வீட்டை போய் அந்தப் பழைய டிவிடியை எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றான்.