வழுக்கை விழுந்த டைனோசர்

டைனோசருக்குக் கழுத்தில் வழுக்கை விழுந்திருந்தது.

நேற்று மாலை நெருக்கமாக ஒட்டிவிட்டுப் போன இறகுகள் காலையில் மண்டபத் தரையில் கிடந்தன. தேயிலைத் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியன் றொக்சன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் ஒரு செய்தியால் வந்தது. எங்கோ தூர தேசத்தில், பறவை போன்ற பென்னம்பெரிய டைனோசர் ஒன்றின் எலும்புகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள், அதற்கு உடம்பெல்லாம் இறகாம் என்று வகுப்பில் வாசித்துக் காட்டினான். "அப்ப பெரிய கோழிதானே சேர்?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பாடசாலை அதிபருக்கோ நுவரெலியா விஞ்ஞானக் கண்காட்சி ஞாபகம் வந்துவிட்டது. மூங்கிலும் காகித மட்டையும் கொண்டு உருவம் செய்வது றொக்சன் பொறுப்பு. சித்திர ஆசிரியை நிரோஜினி துணை. ராகலைக் கோழிக்கடையிலிருந்து மூட்டை மூட்டையாக இறகு வந்து இறங்கியது.

"பனிதான் டீச்சர். மாப்பசை காயல."

"அப்படித்தான் இருக்கும் சேர்," என்றாள் நிரோஜினி, தரையைப் பார்த்தபடி. "இன்னைக்கும் நின்னு ஒட்டிருவமா?"

பாடசாலை விட்டதும் முதல் பஸ்ஸில் ஏறிவிடுகிற ஆள் றொக்சன். வாடகை அறையில் அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் நின்று நாலு வார்த்தை பேசக் கூச்சம். இப்போது வேறு வழியில்லை.

அன்று பசை காயட்டுமென்று பக்கத்தில் தணல் போட்ட கரிச்சட்டி வைத்தான். வால் பொசுங்கியது. நாற்றம் தாங்காமல் அதிபர் தன் மேசையோடு மைதானத்துக்குக் குடிபோனார். மறுநாள் காலையில் முதுகும் மொட்டை.

"எலிதான்!" என்று, பக்கத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பூனையை இரவல் வாங்கி வந்து உள்ளே விட்டான். பூனை டைனோசரின் வயிற்றைக் கிழித்து, உள்ளே சொகுசாகப் படுத்துக்கொண்டது. விடிந்தபோது இறகும் இல்லை, வயிறும் இல்லை.

கடைசியில் சுப்பர் குளூ வாங்கினான். முதல் இறகோடு அவனுடைய மூன்று விரல்கள் டைனோசரின் இறக்கையில் ஒட்டிக்கொண்டன. நிரோஜினி தேங்காயெண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள்.

"வலிக்குதா சேர்?"

"இல்ல டீச்சர்."

வலித்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் மெதுவாக எடுக்கட்டும் என்றிருந்தது.

மறுநாள் பார்த்தால், இறக்கையில் இறகோடு மட்டையின் தோலும் உரிந்திருந்தது.

"மட்டையவே உரிச்சிருக்கே! என்ன குளூவோ இது! கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான் டீச்சர்."

"ஆமா சேர், மோசமான ஆளுதான்."

கண்காட்சிக்கு முந்தின மாலை இருவரும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார்கள். சின்ன வயதில் வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்து, அம்மாவிடம் அடி வாங்கிய கதையை றொக்சன் சொன்னான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நிரோஜினி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் பாதி இறக்கை தைபடாமலே போயிற்று.

"இங்க மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?" என்று மறுநாள் இறக்கையைக் காட்டிக் கேட்டார் கண்காட்சி நடுவர்.

றொக்சன் அவசரமாக அந்த இடத்தைக் கையால் மறைத்தான்.

"இறகு உதிர்ற பருவம் சேர்," என்றாள் நிரோஜினி பட்டென்று.

நடுவர் மெச்சித் தலையாட்டினார். இரண்டாம் பரிசு.

திரும்பி வந்து உருவத்தை லொறியிலிருந்து இறக்கியபோது நிரோஜினி வீட்டுக்குப் போயிருந்தாள். இனி மாலையில் நிற்க ஒரு காரணமும் இல்லை. நாளையிலிருந்து பழையபடி முதல் பஸ்தான். றொக்சனுக்கு அறைக்குப் போக மனமே வரவில்லை. அதை மறைக்க, மறுமுனையைத் தூக்கிப் பிடித்திருந்த பாடசாலைக் காவலாளி மாயாண்டியிடம் பேச்சுக் கொடுத்தான்.

"அடுத்த வருசம் நல்ல பசையா பார்த்து வாங்கணும் மாயாண்டியண்ணே. இந்தப் பனிக்கு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

"பசையெல்லாம் நல்லாத்தான் சேர் ஒட்டுச்சு," என்றார் மாயாண்டி. "ஒவ்வொண்ணா பிச்சுப் போடுறதுக்குள்ள, பாவம், நிரோஜினி டீச்சருக்குத்தான் நகமெல்லாம் போயிருச்சு."