டெல்லிப் புல்லால் முறிந்த சம்பந்தம்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
12-11-83

சிரஞ்சீவி மைத்துனன் வேலுமணிக்கு, ஓய்வு பெற்ற ஓவர்சியர் தண்டாயுதபாணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காள் மயிலம்மாளும் பெண் பெரியநாயகியும் சுகம். எங்கள் வாசல் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீ என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்கு வடிகால் வெட்டிக் கொடுத்தவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறதே என்று ஊரே சிரித்தது. மலையடிவாரத்தில் வீடு கட்டினால் மலை மேல் பெய்கிற மழையெல்லாம் நம் வீட்டுக்குத்தான் விருந்துக்கு வரும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதவில்லை. இந்த நேரத்தில்தான் ஆடி மாதம் நீ லீவில் வந்தாய். டெல்லியில் ஏசியாட் போட்டிக்கு மைதானம் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் புல் என்று ஒரு பெரிய சுருளை லாரியில் கொண்டுவந்து இறக்கினாய். அடியில் ஜல்லி, அதற்கு மேல் மணல், தண்ணீர் ஓடுகிற வாட்டம் தெருவைப் பார்த்து, அதன் மேல் புல்லை விரித்தால் அதிலுள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும் என்றாய். எனக்கே வாட்டம் சொல்லிக் கொடுத்தாய். உன் அக்காள் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

உண்மையை மறைக்க மாட்டேன், முதல் எட்டு நாள் வாசல் நன்றாகவே இருந்தது. அடை மழையிலும் செருப்பு நனையவில்லை. பக்கத்து வீட்டு மாதையன் தன் வெள்ளாட்டோடு வந்து பார்த்தான். ஆடு நாலு வாய் மென்றுவிட்டு, ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. தெருவில் போகிறவர்களிடமெல்லாம் இது என் யோசனை என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. சாணி தெளிக்காத வாசல் இழவு வீட்டு வாசல் என்று உன் அக்காள் பிடிவாதம் பிடித்தாள். புல்லுக்குச் சாணி கெடுதலா என்று நீ சொல்லிவிட்டுப் போகவில்லை. நானும், பசும்புல்லும் சாணியும் காலங்காலமாக உறவுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த வேலையைப் பெரியநாயகி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு சொம்பு தெளித்தால் போதும் என்று அம்மா சொன்னாலும் அவள் கேட்கவில்லை. காலையில் மூன்று வாளி, மாலையில் மூன்று வாளி, அதுவும் நன்றாகக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினாள். இந்தக் காலத்தில் இப்படி ஆசாரமான பெண் யாருக்கு வாய்ப்பாள்? பத்தே நாளில் புல்லின் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டது. மேலே பார்த்தால் பச்சை, காலை வைத்தால் களிச்சேறு. மூலையில் காளான் முளைத்தது. நாற்றத்தைப் பற்றி எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைத் தொட மாட்டார்.

திருச்செங்கோட்டிலிருந்து சென்னிமலை குடும்பத்தார் நிச்சயம் செய்ய வந்தது இந்த நிலையில்தான். எவ்வளவு நல்ல இடம் தெரியுமா? ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிகள் மூன்று சொந்தமாக ஓடுகின்றன. பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர்களே பெருந்தன்மையாகச் சொன்னார்கள். பெரியநாயகிக்குக் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் ஆர்டர் வந்து டிராயரில் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

நிச்சயத்துக்கான உப்புச் சர்க்கரைத் தட்டோடு முதல் ஆளாக இறங்கியவர் மாப்பிள்ளையின் தகப்பனார் சென்னிமலை. மைதானம்போல இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டே காலை வைத்தார். கணுக்கால்வரை உள்ளே போயிற்று. காலை இழுத்தார், செருப்பு வரவில்லை. செருப்பை இழுத்தார், அவர் உட்கார்ந்துவிட்டார். சலவை வேட்டி என்ன நிறமானது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஓடிப்போய்த் தூக்கிய நானும் அவர் மேலேயே விழுந்தேன். அவர் கோபப்பட்டிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன். எழுந்து நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க, முந்நூறு அடி போட்டும் தண்ணி வராத ஊரெல்லாம் நான் பாத்திருக்கறனுங்க. உங்க ஊட்டு வாசல்ல தொட்டாலே வருதுங்க. நாங்க வாரோமுங்க."

போனவர்கள் போனவர்களே. கல்யாணம் நின்றுவிட்டது. உன் அக்காள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெரியநாயகி மட்டும், தைரியசாலி, மூன்று வேளையும் சாப்பிட்டாள். வீட்டில் சும்மா இருந்தால் குழந்தை மனம் உடைந்துபோகும் என்று, வருகிற திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகும்படி நானே உத்தரவு போட்டுவிட்டேன். இத்தனைக்கும் உன் டெல்லிப் புல்தான் காரணம். கடிதம் கண்டவுடன் லாரி பிடித்து வந்து அதை எடுத்துக்கொண்டு போகவும். தாய்மாமன் சீர் என்றால் இதுவா?

உன் மனைவி மக்கள் அனைவரும் கால் நனையாமல் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தண்டாயுதபாணி

பி.கு: மாமா, இது பெரியநாயகி எழுதுவது. கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார். உங்கள் புல் மேல் ஒரு குற்றமும் இல்லை. முதல் எட்டு நாளும் உட்கார்ந்து பார்த்தேன், சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. என்ன செய்தால் நிற்கும் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். எனக்கு அந்த இடம் வேண்டாம், வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர் வடிகாலைப் பற்றியே பேசினார். நேற்று புல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். இன்று காலையிலிருந்து நல்ல மழை, வாசலில் தண்ணீரே தேங்கவில்லை. அப்பா இன்னும் கவனிக்கவில்லை. தயவுசெய்து லாரி அனுப்பாதீர்கள். தை மாதம் எடப்பாடியிலிருந்து ஒரு இடம் வருகிறதாம்.