பனிக்குள் நிறுத்திவைத்த சம்மனசு

வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதற்குச் சொந்தக்காரர் கேட்கிற ஒரே அத்தாட்சி பனி. வேலை, விசா, வீடு எதையும் நம்பமாட்டார்கள். பனிக்குள் நின்று எடுத்த படத்தை நம்புவார்கள். இது தெரிந்துதான் கனடாவில் இருக்கும் என் அக்கா தொண்ணூறுகளில் ஒவ்வொரு மார்கழியும் தன் பிள்ளைகளை இடுப்பளவு பனிக்குள் நட்டுவைத்துப் படம் அனுப்புவாள். எனக்கு வாய்த்ததோ இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலேர்மோ. மார்கழியிலும் மொண்டெல்லோக் கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கலாம்.

"உங்கடை பக்கம் ஸ்னோ இல்லையோ?" என்று தொலைபேசியில் கேட்டாள் அக்கா. "அப்ப அது என்னடி வெளிநாடு?"

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடோனியே மலையில் இந்தமுறை வேளைக்கே பனி விழுந்துவிட்டதாக நான் வேலைசெய்த வீட்டு எசமானி, சின்னோரா, சொன்னதும், அமலோற்பவ மாதா திருநாள் லீவுக்கு அங்கே போவதென்று முடிவு செய்தேன். (இவரிடம் கேட்கவில்லை. "இவர்" என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.)

"பனி பாக்கப் போய் நெஞ்சுச்சளியோடை வரப்போறம்," என்றார் இவர், காரை எடுத்துக்கொண்டே.

அந்தப் பயம் எனக்கு அவரைவிட அதிகம். எங்கள் எட்டு வயது மகள் டிலானிக்கு மூன்று கம்பளிச் சட்டை போட்டேன். அதற்கு மேல், கோயில் படத்தில் சிறகோடு நிற்கிற சம்மனசு மாதிரி இருக்கவேண்டும் என்று, கோயிலில் முதல் நன்மை வாங்கத் தைத்த வெள்ளை உடுப்பு. மூன்று கம்பளிக்கு மேல் அது பூட்டுப்படவில்லை. முதுகில் ஊசி குத்திச் சமாளித்தேன். வெள்ளைக் கையுறை, வெள்ளைச் சப்பாத்து, தலையில் வெள்ளை நெற் முக்காடு. கைகள் உடம்போடு சேராமல் இரண்டு பக்கமும் விரிந்து நின்றன. பறக்க வெளிக்கிட்ட சம்மனசுதான். நான் என் கூறைச்சேலை கட்டியிருந்தேன், நல்ல சிவப்பு. காலில் சின்னோராவின் புருசனுடைய றப்பர் பூட்ஸ். (அது படத்தில் விழாது என்று கணக்கு.)

மலையில் பலேர்மோச் சனம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் பிளாஸ்டிக் பைகளில் குந்தியிருந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நானும் சறுக்கட்டோ?"

"முதல் படம். உடுப்பு ஊத்தையாகும்."

சனம் இல்லாத ஒரு சரிவில் அவளை நிறுத்தினேன். "நான் சொல்லுமட்டும் அசையக்கூடாது. வாய் திறக்கக்கூடாது, பல்லு விழுந்த இடம் தெரியும்."

இவர் கமராவைத் தூக்கினார். பிலிம் முடிந்திருந்தது. புதியது காரில் இருந்தது. இவரை அனுப்பினால் கண்முன்னே இருப்பதும் அகப்படாது. நானே போனேன். போகமுதல், குளிர் படாமல் இருக்கட்டும் என்று நெற்றை அவள் முகத்துக்கு மேலாக இழுத்துவிட்டேன். எந்தப் பை என்று சொல்ல இவரும் பின்னாலேயே வந்துவிட்டார். பிலிம் சோற்றுப் பார்சலுக்குக் கீழே இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினோம். அதற்குள் மூட்டம் இறங்கி, பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

"பிள்ளை எங்கை?"

"நீர் நிப்பாட்டின இடத்திலைதான்."

"அந்த இடம் எங்கை?"

சரிவு எது, மேடு எது, வானம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளை. கூப்பிட்டோம். கத்தினோம். பதில் இல்லை. நான் அந்தப் பூட்ஸோடு ஓடினேன், சேலை தடுக்கி விழுந்தேன், எழும்பி மற்றப் பக்கம் ஓடினேன். பிள்ளையோடு சறுக்கிக்கொண்டிருந்த ஒரு மீசைக்காரர் ஓடி வந்தார்.

"பிள்ளை என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறாள்?"

"பியாங்கோ," என்றேன். வெள்ளை.

"தொப்பி?"

"பியாங்கோ."

"சப்பாத்து?"

நான் அழத் தொடங்கினேன். அவர் இவரைப் பார்த்தார். ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையைப் பரிதாபமாகப் பார்க்கிற பார்வை.

"முகமாவது தெரியும்," என்று இவர் என்னைத் தேற்றினார். "எங்கடை நிறம்தானே."

"முகத்தை மூடிப்போட்டன்," என்றேன்.

சனம் எல்லாம் சறுக்குவதை விட்டுவிட்டுத் தேட வந்தது. மாதாவே, கனடாப் பக்கமே திரும்பமாட்டேன், பிள்ளையைத் தா என்று பனிக்குள் முழங்காலில் நின்றேன்.

அப்போது எங்கேயோ ஒரு தும்மல் கேட்டது.

தும்மினால் "சலூத்தே" என்று வாழ்த்துவது இந்த ஊர்ப் பழக்கம். மீசைக்காரர் வெறும் வெள்ளையைப் பார்த்துப் பண்பாக, "சலூத்தே," என்றார். சொன்னபிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று யோசித்தார். வாய் திறந்தபடி நின்றது.

எனக்கு ஒரு முற்றத்துத் தூரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், கைகளை விரித்தபடி. நெற்றை விலக்கினேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"படம் எடுத்தாச்சோ?" என்று கேட்டாள்.

"கூப்பிடக் கூப்பிட ஏன் பிள்ளை கதைக்கேல்லை?"

"நீங்கள்தானே வாய் திறக்கவேண்டாம் எண்டனீங்கள்." பிறகு தகப்பனிடம் திரும்பி, "நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான், அப்பா. அம்மா சிவப்பா வடிவாத் தெரிஞ்சவ. விழுந்து விழுந்து எழும்பினவ," என்றாள்.

படம் எடுக்கவில்லை. கமராவை யார் காருக்குள் எறிந்தது என்றுகூட நினைவில்லை. மீசைக்காரர் தன் பிள்ளையின் பிளாஸ்டிக் பையை டிலானிக்குக் கொடுத்தார். முதல் சறுக்கலிலேயே ஊசி கழன்று, உடுப்பு முதுகில் இரண்டாகக் கிழிந்தது. ஒவ்வொரு முறையும் அவள் வந்து சேருமிடத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "அம்மா, விலத்துங்கோ, மோதப்போறன்," என்று கத்திக்கொண்டே வந்தாள். நான் விலத்தவில்லை. மோதினாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் இவர் வெறும் சுவரைப் பார்த்து, "சலூத்தே," என்பார். மகளும் சேர்ந்து சொல்வாள். வந்திருப்பவர்கள் முழிப்பார்கள். பிறகு கதை முதலிலிருந்து சொல்லப்படும். சொல்லச் சொல்ல நான் விழுந்த தடவைகள் கூடிக்கொண்டே போகும். நானும் சிரிப்பேன். மகள் இப்போது என்னைவிட உயரம், தனக்கென்று வேலையும் காரும் வைத்திருக்கிறாள். ஆனாலும் தும்மல் கேட்டால், அவள் எந்த மூலையில் நிற்கிறாள் என்று கண்ணால் தேடிப் பிடித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.