வல்லூறுக்குத் தைத்த குல்லா

உயிரே போனாலும் முன்னறையை விட்டுத்தருவதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மனைவி ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் எடுத்தேன். சபதம் என்றால் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

என் பெயர் கில்பர்ட். சர் ஏம்ப்ரோஸ் பிரபுவுக்கு வல்லூறு பழக்குகிற வேலை. புதிதாக ஒரு பெண் வல்லூறை என்னிடம் ஒப்படைத்திருந்தார். பியாட்ரிஸ் என்று பெயர் வைத்தேன். காட்டில் பிடித்த பறவை. மனித முகத்தைக் கண்டாலே இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். நாலு பேர் முகத்தைப் பார்த்து, நாலு பேர் சத்தத்தைக் கேட்டுத்தான் அது தெளிய வேண்டும். அறுவடைத் திருவிழாவில் பிரபு முன்னால் பறந்துபோய்த் திரும்ப என் கையில் வந்து உட்கார்ந்தால், நான் தலைமை வல்லூறுக்காரன். உட்காராவிட்டால் பிரபுவின் நாய்களுக்குக் கஞ்சி ஊற்றப் போக வேண்டியதுதான்.

நாலு பேர் வருகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டு முன்னறை. என் மனைவி தாமசின் பீர் காய்ச்சுகிறவள். பீர் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் கம்பு நட்டு ஒரு இலைக்கொத்தைக் கட்டினாள் என்றால் ஊரே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடும். அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் பியாட்ரிஸ் உட்காரக் கட்டை நட்டிருந்தேன்.

"ஏங்க, ரொட்டிக்கடை ரால்ஃப் கோப்பையில இறகு கிடந்துச்சு."

"ஒரே ஒரு இறகுதானே தாமசின்."

"இறகு ஒண்ணுதான். அடுத்து விழுந்தது இறகு இல்ல."

"பறவைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

"வாத்துக்கொட்டகைக்குக் கொண்டு போங்க."

"அங்க யாரைப் பாத்துப் பழகும்? வாத்தையா?"

"நீங்களும் கூடவே போய் உக்காருங்க. ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது."

நான் அசையவில்லை. சபதம்! அவள் கத்துவாள், கரண்டி பறக்கும் என்று குனியத் தயாராக இருந்தேன். ஒன்றும் பறக்கவில்லை. மறுநாள் காலையில் சிரித்த முகமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, பறவை இங்கயே இருக்கட்டும். பதினஞ்சு வருஷமா உங்க தொழிலைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியல. சொல்லிக் குடுங்களேன்."

இங்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. பதினைந்து வருஷத்தில் அவள் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இது என்னங்க, தலையில?"

"குல்லா. கண்ணை மறைச்சிடும். எங்க இருக்கோம், என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. பேசாம உக்காந்திருக்கும்."

"அட! தெரியாமலேவா உக்காந்திருக்கும்?"

"சந்தோஷமா உக்காந்திருக்கும்."

"பாவம். கால்ல கட்டியிருக்கிறது?"

"கால்வார். தோல்ல செஞ்சது. அதைக் கட்டைவிரலுக்குக் கீழ வச்சு அமுக்கிட்டா அப்படி இப்படி நகர முடியாது. இன்னும் பத்திரமா இருக்கணும்னா சுண்டுவிரல்ல ஒரு சுத்து சுத்திக்கணும்."

"சாப்பாடு?"

"அளவா. வயிறு நிறைஞ்சுபோச்சுன்னா மரத்துல ஏறி உக்காந்துக்கும். எவன் கூப்பிட்டாலும் ஏன்னு கேக்காது."

"அப்ப எப்படித்தான் வரவழைப்பீங்க?"

"இறைச்சித் துண்டைக் காட்டி விசில் அடிக்கணும். மூணு விசில்ல வந்துட்டா, முழுசாப் பழகிடுச்சுன்னு அர்த்தம்."

"மூணா?" என்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா ஞாபகம் வச்சுக்கறேன்."

அன்றிலிருந்து அவளுக்குத் தொண்டைக் கட்டு. கத்திக் கூப்பிட முடியவில்லையாம். சாப்பாட்டு வேளைக்கு விசில்தான் அடித்தாள். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பசிக்கிறவனுக்கு எந்தச் சத்தமானால் என்ன?

ஒரு வாரம் போயிருக்கும். ஊரில் ஒரு மாற்றம். ரொட்டிக்கடை வாசலில் ரால்ஃப் என்னைப் பிடித்து நிறுத்தினான்.

"என்ன கில்பர்ட், கட்டைவிரலுக்குக் கீழதானா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. மாவைத் தவிர வேறு எதையும் கண்டறியாதவன் தொழில் பேச்சுப் பேசுகிறானே!

"பின்ன? கெட்டியா அமுக்கி வச்சிருக்கு!" என்றேன். "சுண்டுவிரல்லயும் ஒரு சுத்து சுத்தியாச்சு!"

கடையில் இருந்த ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நானும் கூடச் சிரித்தேன்.

அடுத்தது மாவு மில்காரன் மனைவி ஐசபெல். கிணற்றடியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க வீட்டுக்காரருக்கு நேத்து ஒரு குல்லா போட்டேன் பாரு, இன்னும் தெரியாது அவருக்கு!"

"நல்ல தோலாப் பாத்துத் தைம்மா," என்றேன். "இறுக்கமா இருந்தா கண் உறுத்தும்."

அவள் வாளியைக் கிணற்றிலேயே போட்டுவிட்டாள்.

தேவாலயத்தில் பிரசங்கம் மூன்றாவது மணி நேரத்தை எட்டியபோது பின் வரிசையிலிருந்து ஒருவன் முனகினான்: "போதும் சாமி, வயிறு நிறைஞ்சுபோச்சு." காலையிலிருந்து பட்டினி கிடக்கிற பயல்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரில் குருவிகூட வளர்க்காதவனெல்லாம் வல்லூறு பாஷை பேசுகிறான். சந்தைக்கு வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் வரைக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. எத்தனை பேர் ரகசியமாகப் பறவை வளர்க்கிறார்கள்? எங்கே வைத்திருக்கிறார்கள்? கூரையை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு தடவை சாக்கடையில் விழுந்தேன்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஊரே என் பியாட்ரிஸ் மேல் பைத்தியமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து மார்தட்டினேன்.

"பாத்தியா தாமசின்? இவங்க வர்றது உன் பீருக்கு இல்ல. பறவைக்கு!"

"அப்படியா? எனக்குத் தோணவே இல்லையே," என்றாள். "அப்ப அவங்களையே கேட்டுடலாம். முன்னறை பறவைக்கா, எனக்கா? ஊர் சொல்றதுதான் முடிவு. சம்மதமா?"

"சம்மதம்!" பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று குதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் இருபது பேர் வந்து சேர்ந்தார்கள். இடது கையில் பியாட்ரிஸைத் தாங்கி, வாரைக் கட்டைவிரலுக்குக் கீழே அமுக்கிக்கொண்டு, நான் கம்பீரமாக நிமிர்ந்து நின்றேன்.

"முதல்ல குடிங்க. இன்னைக்கு என் உபசாரம்," என்றாள் தாமசின். ஆளுக்கு இரண்டு கோப்பை. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. எனக்கு ஒரு கைதானே காலி? அதிலும் ஒன்றைத் திணித்தாள்.

"இப்ப சொல்லுங்க. முன்னறை பறவைக்குன்னா வெறுங்கையைத் தூக்குங்க."

இருபது பேர். நாற்பது கோப்பை. விளிம்பு வரைக்கும் நுரை. கீழே வைக்க மேஜையும் இல்லை, பெஞ்சும் இல்லை. அன்று காலையில்தான் கழுவி வெயிலில் போட்டிருந்தாள்.

"ஒருத்தர்கூட இல்லையா? சரி. எனக்குன்னா கோப்பையைத் தூக்குங்க."

நாற்பது கோப்பையும் மேலே போயின.

"இருங்க, இருங்க!" என்று கத்தினேன். "எனக்கு ஓட்டு இல்லையா? நான் பறவைக்கு!" கையைத் தூக்கினேன்.

"எந்தக் கை கில்பர்ட்?" என்று கேட்டான் ரால்ஃப்.

அண்ணாந்து பார்த்தேன். கோப்பை இருந்த கை.

"நாப்பத்தி ஒண்ணு," என்றாள் தாமசின். "ஊரே ஒரு மனசா சொல்லிடுச்சு."

கால்வாரை நான் பிடித்திருந்தேன். காலை அவள் வாரிவிட்டாள்.

பியாட்ரிஸும் நானும் வாத்துக்கொட்டகைக்குக் குடிபோனோம். முப்பது வாத்து போடுகிற கூச்சலில் இரண்டு வாரம் இருந்த பறவைக்கு மனித சத்தமெல்லாம் தாலாட்டு. திருவிழாவில் தப்பட்டை முழங்க முழங்க, மூன்றாவது விசிலுக்கு வந்து என் கையில் உட்கார்ந்தது. வேலை கிடைத்துவிட்டது! கொட்டகைதான் நல்லது என்று தாமசின் முதலிலேயே சொன்னாளே என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் சர் ஏம்ப்ரோஸ் என் முதுகில் தட்டி, "சபாஷ். வீட்லயும் கட்டைவிரலுக்குக் கீழதானாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்ததுதான் உறுத்தியது. பதினாறு வல்லூறு வைத்திருக்கிற மனுஷன். வார் பிடிப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? நேராக ரொட்டிக்கடைக்குப் போனேன்.

"ரால்ஃப், மறைக்காம சொல்லுடா. நம்ம ஊர்ல மொத்தம் எத்தனை வல்லூறு இருக்கு?"

"எது? குல்லா போட்டு, கட்டைவிரலுக்குக் கீழ அமுக்கி, சுண்டுவிரல்ல சுத்தி வச்சிருக்காளே, அதுவா?"

"அதேதான்!"

"ஒண்ணே ஒண்ணுதான்டா," என்றான். "இப்ப என் கடை வாசல்ல நின்னு கேள்வி கேட்டுக்கிட்டிருக்கு. தாமசின் தினமும் ஒரு கதை சொல்லுவா. அதுக்காகவே நாங்க ரெண்டு கோப்பை கூடக் குடிப்போம்."

ஒரு நிமிஷம் விளங்கவில்லை. இன்னொரு நிமிஷம் விளங்கிவிடக் கூடாதே என்று இருந்தது. பிறகு ரத்தம் தலைக்கு ஏறியது. என் சொற்கள்! என் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த தொழில் சொற்கள்! இனி ஊரில் எவன் பெண்டாட்டிக்குப் பயந்தாலும் இதைச் சொல்லித்தான் சிரிப்பார்களா? இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை, அவள் கையால் ஒரு வாய் சாப்பிடுவதில்லை என்று அங்கேயே, ரால்ஃப் முன்னாலேயே, சபதம் எடுத்தேன். அவள் வீட்டில் இருக்கும்போதே எடுத்தேன்!

தெருக்கோடியில் எங்கள் வீட்டு வாசலில் தாமசின் வந்து நின்றாள். கையில் ஆட்டிறைச்சிப் பணியாரம், ஆவி பறந்துகொண்டிருந்தது. விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள்.

பியாட்ரிஸுக்காவது மூன்று விசில் தேவைப்பட்டது.